மன்னார்க் கடலும் துளையிடும் சேறும்

நான் வசிக்கும் கார்ஹிங்கில் பல கட்டிடங்களுக்குக் குளிர்காலச் சூட்டைத் தருவது, 2 கிலோமீட்டருக்கும் கீழிருந்து வரும் வெந்நீர். அந்தக் கிணற்றைப் பற்றி வாசிக்கப் போய், சேற்றில் வந்து நின்றேன்.

துளையிடும்போது குழாய்க்குள் சேறு இறங்கும். பாறைத்துகளை அள்ளிக்கொண்டு மேலே வரும். தண்ணீர், பெந்தோனைட் களிமண், பாரத்துக்கு பேரைட் தூள். 1901இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் மாடுகளைக் குளத்தில் நடக்கவிட்டுச் சேறு கலக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. இன்று கடல்மேடையில் சேற்றுக்கென்றே ஒரு பொறியாளர் இருப்பார். சேறு லேசானால் எரிவாயு மேலே சீறும். மிஞ்சிக் கனத்தால் பாறை பிளந்து சேற்றையே விழுங்கிவிடும். சேற்றைப் புனலில் ஊற்றி, வடியும் நேரத்தை அவர் எண்ணுவார். வெறும் தண்ணீருக்கு 26 வினாடி.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவின் டீப்வாட்டர் ஹொரைசனில் கனத்த சேற்றை எடுத்துக் கடல்நீரை நிரப்பினார்கள். கிணறு சீறி வெடித்தது. 11 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டே ஜப்பானின் சிக்யூ கப்பல் மன்னார்ப் படுகைக்கு வந்தது. கெய்ர்ன் நிறுவனத்துக்காகத் துளையிட்டு, 1,300 மீட்டருக்கும் ஆழமான கடலுக்கடியில் எரிவாயு கண்டார்கள். (1970களிலேயே சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டிருக்கிறார்கள்!) எங்கள் வீட்டில் மன்னார் என்றால் தோணியும் கருவாடும்தான், இதை யாரும் சொன்னதில்லை.

எண்ணெய்ச் சேற்றைவிட நீர்ச்சேறு சாது. அதனால் அதில் நனைந்த துகளைக் கடலிலேயே கொட்டப் பல நாடுகள் விடுகின்றன. ஆனாலும் அது அடியில் படிந்து, அங்கு வாழும் சிற்றுயிர்களை மூடும். எரிவாயுவை எடுக்க வருகிறவர்களிடம், அதை எங்கே கொட்டுவீர்கள் என்று மன்னார் மீனவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.