மலைச்சரிவு ரேடியோ கிளைடர்

மலைச்சரிவிலோ கடலோரப் பாறைமுகட்டிலோ மோதி மேலெழும் காற்றில், எஞ்சின் இல்லாத மாதிரி விமானத்தை மிதக்கவிட்டுத் தரையிலிருந்தபடி ரேடியோ கருவியால் ஓட்டும் பொழுதுபோக்கு இது. கிளைடருக்குள் பேட்டரி உண்டு. ஆனால் அது சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்கும், வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் சர்வோ மோட்டார்களுக்கும் மட்டுமே. பறப்பதற்கான ஆற்றல் முழுவதும் காற்றிடமிருந்தே வருகிறது. காற்று நிற்காதவரை கிளைடர் இறங்க வேண்டியதில்லை. பேட்டரியும் ஓட்டுபவரின் கண்ணும் தாங்கும்வரை மணிக்கணக்கில் பறக்கலாம். ஐரோப்பா, அமெரிக்கா, கிழக்காசியா எனப் பல இடங்களில் இதற்கு மன்றங்கள் உண்டு. இதன் பந்தய வடிவம் எஃப்3எஃப் என்ற பெயரில் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் விதிகளுக்கு உட்பட்டது.

காற்றும் சரிவும்

சுற்றியுள்ள காற்றை வைத்துப் பார்த்தால் கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு கிளைடர் விநாடிக்கு அரை மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றே விநாடிக்கு இரண்டு மீட்டர் மேலே போனால், தரையில் நிற்பவர் கண்ணுக்குக் கிளைடர் ஒன்றரை மீட்டர் ஏறும். சமவெளியில் வீசிவரும் காற்றுக்குக் குறுக்கே மலை நின்றால் அதற்கு ஏறிப் போவதைத் தவிர வழியில்லை. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் காற்று, 30 டிகிரிச் சரிவை ஒட்டி அதே வேகத்தில் ஏறினால், அதில் செங்குத்தான பங்கு 5 மீட்டர். பருந்து சிறகடிக்காமல் மலைமுகட்டோரம் வெகுநேரம் நிற்பதும் இந்தக் கணக்கில்தான்.

நல்ல சரிவு கிடைப்பது எளிதல்ல. காற்று அதன் முகத்தில் நேராக விழ வேண்டும். முன்னே மரமோ கட்டடமோ குறுக்கிடக் கூடாது. இறங்குவதற்கு மேலே கொஞ்சம் புல்வெளி வேண்டும். கடலைப் பார்த்த முகடுகளுக்கு மதிப்பு அதிகம். தடை ஏதுமின்றிக் கடல்மேல் வரும் காற்று சீராக இருக்கும். முகட்டுக்குப் பின்புறம் வேறு உலகம். மதகைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் சுருண்டு திரும்புவதுபோல, முகட்டைத் தாண்டிய காற்றும் அங்கே சுருண்டு கீழே இழுக்கும். புதியவர்கள் கிளைடரை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சுழலில்தான்.

வரலாறு

மலைக்காற்றில் மிதப்பதைச் செய்துகாட்டிய முன்னோடி ஆர்வில் ரைட். 1911 அக்டோபர் 24 அன்று, வட கரோலினாவின் கில் டெவில் மணற்குன்றுகளில் 9 நிமிடம் 45 விநாடி கிளைடரில் மிதந்துகாட்டினார். முதல் உலகப் போருக்குப்பின், வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியில் எஞ்சின் விமானங்களுக்குக் கடிவாளம் போட்டபோது, அந்நாட்டு மாணவர்களின் ஆர்வம் கிளைடர் பக்கம் திரும்பியது. 1920இல் வாசர்குப்பே மலையில் ஆஸ்கர் உர்சினுஸ் ஏற்பாடு செய்த போட்டி அதற்குக் களம் அமைத்தது. 1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்டென்ஸ் அங்கே ‘வாம்பைர்’ கிளைடரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். அமெரிக்காவில் 1930இல் சார்லஸ் லிண்ட்பெர்க், சான் டியேகோ அருகே சோலடாட் குன்றிலிருந்து டெல் மார் வரை கடலோர முகட்டை ஒட்டிப் பறந்தார். வழியிலிருக்கும் டோரி பைன்ஸ் முகடு இன்றும் பாராகிளைடர்களும் ரேடியோ கிளைடர்களும் பறக்கும் புகழ்பெற்ற தளம்.

மாதிரி கிளைடரை மலையில் விடும் வழக்கம் ரேடியோவுக்கு முந்தியது. எறிந்த கிளைடர் காற்றுக்கு முகம்கொடுத்தபடியே இருக்க வேண்டுமே, அதற்கு ஓர் உபாயம் செய்தார்கள்: மூக்கில் திசைகாட்டிபோல ஒரு காந்தத்தை வைத்து, அதைச் சிறு சுக்கானோடு இணைத்தார்கள். கிளைடர் திசை மாறினால் காந்தம் மாறாது; சுக்கான் திரும்பி அதைப் பழைய திசைக்குக் கொண்டுவரும். எஃப்1ஈ என்ற பிரிவில் இந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. ரேடியோ வந்தபின்னும் முதலில் இடது, வலது என்று சுக்கானை ஒரேயடியாகத் திருப்பும் ஒற்றைச் சேனல் கருவிகளே இருந்தன. குச்சியை அசைத்த அளவுக்கே சுக்கானும் அசையும் கருவிகள் 1960களில் வந்தன. பின்னாளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவிய பிறகுதான், ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கி ஒருவர் கிளைடர் விழும் பழைய தொல்லை ஒழிந்தது.

பந்தயம்

எஃப்3எஃப் விதி பார்க்க எளிது. முகட்டை ஒட்டி 100 மீட்டர் இடைவெளியில் ஏ, பி என இரண்டு எல்லைக் கோடுகள். அவற்றுக்கிடையே கிளைடர் பத்து நீளம் பறக்க வேண்டும். மொத்தம் ஒரு கிலோமீட்டர். ஒருவர் பறந்து முடித்த பின்னரே அடுத்தவர் முறை. எதிராளி கடிகாரம்தான்.

முறை வந்ததும் 30 விநாடிக்குள் கிளைடரை எறிந்தாக வேண்டும். எறிவது பெரும்பாலும் உதவியாளர் வேலை. அவர் விளிம்புக்குப் போய், மூக்கைச் சற்றே தாழ்த்திக் காற்றுக்கு நேராக எறிகிறார். கிளைடர் ஓரடி அமிழ்ந்து, மேலேறும் காற்று இறக்கைக்கு அடியில் கிடைத்ததும் நிமிர்கிறது. அடுத்த 30 விநாடி ஓட்டுபவருக்குச் சேமிப்புக் காலம். அதற்குள் எவ்வளவு உயரம் ஏற முடியுமோ ஏறி, பிறகு செங்குத்தாகப் பாய்ந்து அந்த உயரத்தை வேகமாக மாற்றிக்கொண்டு ஏ கோட்டைக் கடக்க வேண்டும். கடக்காமல் தாமதித்தால் 30 விநாடி முடிந்ததும் கடிகாரம் தானே ஓடத் தொடங்கிவிடும்.

கோட்டில் நடுவர் ஒருவர் நேர்ப்பார்வை வைத்துக் காத்திருப்பார். கிளைடர் கடந்த கணத்தில் பொத்தானை அழுத்துவார், ஓட்டுபவர் அருகே பஸர் ஒலிக்கும், அப்போதுதான் திரும்பலாம். பத்து நீளத்துக்கு ஒன்பது திருப்பம். பந்தயம் தீர்மானமாவது அங்கேதான். விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் பறக்கும் கிளைடர், பஸர் கேட்டு விரல் அசைவதற்கான 0.2 விநாடிக்குள் 7 மீட்டர் தாண்டிப் போய்விடும். ஒன்பது முறை இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கைதேர்ந்தவர்கள் ஒலிக்கு முன்பே இறக்கையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒலி கேட்ட கணத்தில் எலிவேட்டர் எனும் வால் பலகையை இழுக்கிறார்கள். அவசரப்பட்டுக் கோட்டைத் தொடாமல் திரும்பினால் பஸர் ஒலிக்காது. திரும்பவும் போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும். அதோடு அந்தச் சுற்று போனமாதிரிதான்.

திருப்பத்தின் கடுமையை ஒரு கணக்கில் பார்க்கலாம். 35 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆரத்தில் திரும்பும் கிளைடர்மேல் புவியீர்ப்பைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் விசை விழுகிறது. 3 கிலோ கிளைடரின் இறக்கை அந்த நேரத்தில் 37 கிலோவைத் தாங்குகிறது. இறுக்கித் திரும்பினால் தூரம் மிச்சம், ஆனால் வேகம் கரையும். அகலத் திரும்பினால் வேகம் தங்கும், தூரம் கூடும். எந்தக் காற்றுக்கு எது சரி என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. கிளைடர் முகட்டுக்கு எவ்வளவு அருகே பறக்கிறது என்பதும் முக்கியம். ஏற்றக்காற்று வலுவாக இருப்பது விளிம்பை ஒட்டிய குறுகிய பட்டையில். கண்ணுக்குப் பயமாக இருக்கும் இடமே வேகமான இடம்.

ஒரு சுற்றில் மிகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு 1000 புள்ளி, மற்றவர்களுக்கு விகிதப்படி. முதல்வர் 36 விநாடியில் முடித்து, இன்னொருவர் 40 விநாடி எடுத்தால் அவருக்கு 900. நல்ல காற்றில் வல்லவர்கள் 30 விநாடிக்குக் கீழே முடிப்பதுண்டு. அதாவது, திருப்பங்களையும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 120 கிலோமீட்டருக்கு மேல்.

காற்று விநாடிக்கு 3 மீட்டருக்குக் குறைந்தாலோ 25 மீட்டரைத் தாண்டினாலோ போட்டி நடக்காது. பந்தயப் பாதைக்குச் செங்குத்தான திசையிலிருந்து 45 டிகிரிக்கு மேல் விலகி வீசினாலும் அப்படியே. அதற்குள்ளும் காற்று ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பறக்கும்போது கீழே சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக்காற்று கிளம்பிக் கைகொடுக்கும். அடுத்தவர் எறிந்ததும் அடங்கிவிடும். ‘எனக்குக் காற்று விழவில்லை’ என்பது இந்தப் போட்டிகளில் ஓயாமல் கேட்கும் புலம்பல். ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு. அதனால்தான் பல சுற்றுகள் நடத்தி, மோசமான சுற்றின் புள்ளியைக் கழித்துவிடுகிறார்கள். நாள் முழுக்கப் பறந்தபின் பட்டியலின் மேலே பழகிய பெயர்களே வருவதைப் பார்த்தால், அதிர்ஷ்டத்தின் பங்கு அங்கே பேசப்படும் அளவுக்குப் பெரிதில்லை.

முதல் எஃப்3எஃப் உலக சாம்பியன்ஷிப் போட்டி 2012இல் ஜெர்மனியின் ரூகன் தீவில் நடந்தது. 2016இல் டென்மார்க்கின் ஹன்ஸ்டோல்ம் கடற்கரையில். 2012க்கு முன்பு ‘வைக்கிங் ரேஸ்’ என்ற போட்டியே நாடுகள் கூடும் பெரிய மேடை. தீவுகளையும் முனைகளையும் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. காற்று எத்திசைக்கு மாறினாலும் அதற்கு முகம்கொடுக்கும் சரிவு ஒன்று பக்கத்திலேயே இருக்கும். வேல்ஸ் நாட்டின் லாண்டுட்னோவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிரேட் ஓர்ம் சுண்ணாம்புக் குன்றுக்கும் இதே பெருமை. அமெரிக்காவில் கடிகாரத்தோடு போட்டியிடுவதைவிட, பலர் ஒன்றாகப் பறந்து யார் முந்துகிறார்கள் என்று பார்க்கும் மரபும் இருந்துவருகிறது. பார்ப்பவர்களுக்கு அதுதான் விருந்து. நடுவானில் மோதி இரண்டு கிளைடர்கள் பொடியாவதும் அங்கே சகஜம்.

கிளைடர்

இன்றைய பந்தயக் கிளைடருக்கு இறக்கை முனைக்கு முனை ஏறக்குறைய 3 மீட்டர். அச்சில் வார்த்த கார்பன் இழைத் தோல், உள்ளே வெறும் கூடு. அந்தக் காலத்துப் பால்சா மரமும் ஒட்டுத்தாளும் இந்த வேகத்துக்குத் தாங்காது. விதி அனுமதிக்கும் உச்ச எடை 5 கிலோ. ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 75 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பரப்பு 60 சதுர டெசிமீட்டர் என்றால் 4.5 கிலோவே எல்லை.

எடையைக் குறைப்பதுதானே விமானத்துக்கு அழகு என்று கேட்கத் தோன்றும். இங்கே காற்று வலுத்தால் எடையைக் கூட்டுகிறார்கள். பித்தளை, ஈயம் அல்லது டங்ஸ்டன் கட்டிகளை இறக்கைக்குள் இருக்கும் குழாய்களில் செருகுவார்கள். எடை இரட்டித்தால், அதே கோணத்தில் சறுக்கும் கிளைடரின் வேகம் நாற்பது சதவீதம் கூடும். இறங்கும் வேகமும் அதே அளவு கூடும் என்பது உண்மை. ஆனால் பலமான காற்று அந்தக் கடனை அடைத்துவிடும். எறிவதற்குக் கொஞ்சம் முன்பு, ‘இன்னும் 300 கிராம் போடவா, வேண்டாமா’ என்று காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் முகத்தில் இந்த விளையாட்டின் பாதி தெரியும்.

இறக்கையின் பின்விளிம்பில் உட்பக்கம் ஃபிளாப், முனைப்பக்கம் ஏலரான் என அசையும் பலகைகள். எலிவேட்டரை இழுத்ததும் இவையும் சிறிது கீழே இறங்கி, திருப்பத்தில் தேவைப்படும் கூடுதல் தூக்குவிசையைக் கொடுக்கும்படி ரேடியோவில் இணைத்துவைப்பார்கள். தரையிறங்கும்போது ஃபிளாப் நன்றாகக் கீழே மடங்கும், ஏலரான் மேலே நிமிரும். கிளைடர் பிரேக் போட்டமாதிரி தடுமாறாமல் மெதுவாகும்.

கற்றுக்கொள்ள வருபவருக்கு இந்தக் கார்பன் கிளைடர் வேண்டாம். ஈ.பி.பி. என்னும் மீள்தன்மையுள்ள நுரையில் செய்த, வாலில்லாத இறக்கைகள் போதும். 1990களில் புகழ்பெற்ற ‘ஜாகி’ அந்த வகை. பாறையில் மோதினாலும் பெரும்பாலும் தட்டிவிட்டு மறுபடி எறியலாம். இவற்றை வேண்டுமென்றே ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடுவதும் உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. 3 கிலோ எடை மணிக்கு 150 கிலோமீட்டரில் வந்தால் ஆளைக் கொல்லும். போட்டியில் பார்வையாளர், நடுவர் நிற்கும் பகுதிக்கு முன்னே பாதுகாப்புக் கோடு ஒன்று வரையறுக்கப்படும். அதைத் தாண்டினால் தண்டப் புள்ளி.

முகட்டுக்குப் பின்னே

எல்லாரும் தவிர்க்கும் அந்தப் பின்புறத்தை வேண்டியே தேடிப்போகிற கிளை ஒன்று இருக்கிறது. முகட்டுக்கு மேலே வேகமான காற்று, முகட்டின் மறைவில் ஏறக்குறைய அசையாத காற்று. இரண்டுக்கும் இடையில் மெல்லிய எல்லை. அந்த எல்லையைக் குறுக்கே வெட்டி வட்டமிட்டால், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கிளைடருக்குக் காற்றுவேகம் கூடும். பறவைகள் இப்படி ஆற்றல் பெறலாம் என்று ரேலி பிரபு 1883இலேயே எழுதினார். அல்பட்ராஸ் கடல் அலைகளுக்கு மேலே இதைத்தான் செய்கிறது. ரேடியோ கிளைடரில் 1990களில் இதைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்கரான ஜோ வர்ட்ஸ். 2021 ஜனவரியில் கலிபோர்னியாவின் பார்க்கர் மலையில் ஸ்பென்சர் லிசன்பி ஓட்டிய கிளைடர் மணிக்கு 882 கிலோமீட்டரைத் தொட்டது. பயணிகள் ஜெட் விமானத்தின் வேகம் அது. இங்கே எஞ்சின் கிடையாது. வேகத்தை அளப்பது சாலையில் போலீசார் வைத்திருப்பது போன்ற ரேடார் துப்பாக்கியால். எஃப்3எஃப்போல எல்லைக் கோடும் பஸரும் இங்கே இல்லை. முகட்டில் நின்று கிளைடரை வட்டமிடவைத்து, ரேடார் காட்டும் உச்ச எண்ணைப் பதிவுசெய்கிறார்கள். இந்த வேகத்தில் இறக்கை முறிந்தால் பொறுக்கி எடுக்க ஒன்றும் மிஞ்சாது.