அடமானம் வைத்த காபிச் செடி

ராமச்சந்திராபுரத்தில் சுற்றிலும் இரானி டீ. எங்கள் வீட்டில் மட்டும் விடாப்பிடியாக டிகாக்‌ஷன். போன மாதம் காபிப் பொடி விலையைக் கேட்டு வீட்டம்மா அங்கலாய்த்தபோது எனக்கு 1884 ஞாபகம் வந்தது. (வங்கிக்காரன் புத்தி, வேறென்ன!)

அந்த வருஷம்தான் ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் மூழ்கியது. லண்டனில் தலைமையகம், ஆசியா முழுக்கக் கிளைகள். இலங்கைக் காபித் தோட்டங்களுக்கு அள்ளிக் கொடுத்த கடன் அதை மூழ்கடித்ததில் முக்கியமானது. தோட்டத்தை அடமானம் பிடித்தார்கள் சரி, செடியே செத்துப்போனால்?

1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் தெரிய வந்தது. இலைக்கு அடியில் ஆரஞ்சுத் தூளாகப் படியும் பூஞ்சை. துரைமார் காட்டை அழித்து மலை மலையாக அரபிகா ஒன்றையே நட்டிருந்தார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வம்சம், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. இருபது வருஷத்தில் காபி போய்த் தேயிலை ஏறியது. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்துபோன நம் சனங்கள் (வழியிலேயே காலராவில் செத்தவர்கள் ஏராளம்) அதுவரை பறிப்பு முடிந்தால் ஊர் திரும்புவார்கள். தேயிலைக்கோ வருஷம் முழுக்க ஆள் வேண்டும். குடும்பத்தோடு அங்கேயே தங்க நேர்ந்தது. ஒரு பூஞ்சை செய்த வேலை!

இந்தியாவையும் துரு விடவில்லை. கர்நாடகத்தில் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1925-ல் வந்தது. 1940-களில் அங்கிருந்து வெளிவந்த எஸ்.795 ரகத்தின் முன்னோர்களில் ஒன்று, அரபிகாவும் லைபீரிகா என்ற ஆப்பிரிக்கக் காபியும் தானாகக் கலந்து பிறந்த செடி. துருவைத் தாங்கும் சக்தி அந்த வேற்று ரத்தத்தில் வந்ததுதான். இன்றும் நம் தோட்டங்களில் அந்த ரகம் நிற்கிறது.

ஆக, காட்டுக் காபி என்பது நமக்கு ரிசர்வ் மாதிரி. அந்த ரிசர்வ்தான் கரைகிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 2019-ல் போட்ட கணக்குப்படி, 124 காபி இனங்களில் 60 சதவீதம் அழியும் ஆபத்தில். எத்தியோப்பியக் காட்டு அரபிகாவுக்குத் தோதான இடங்கள், வெப்பம் ஏறுவதால், 2080-க்குள் குறைந்தது 65 சதவீதம் போய்விடலாம் என்று 2012-லேயே சொன்னார்கள். விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், காபி விதை நெல் மாதிரி இல்லை. காயவைத்துக் குளிரில் போட்டால் நெடுநாள் தாங்காது. மரமாகத்தான் வளர்க்க வேண்டும்.

சியரா லியோனில் ஸ்டெனோஃபில்லா என்று ஒரு காபி. அரபிகாவைவிட 6 டிகிரிக்கு மேல் கூடுதல் வெப்பம் தாங்கும், ருசியும் அதற்குச் சளைத்ததில்லையாம். 1954-க்குப் பிறகு அந்நாட்டுக் காட்டில் யார் கண்ணிலும் படவில்லை. 2018 டிசம்பரில் தேடிப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது ஒரே ஒரு செடி.