அரத்திலிருந்து சிப்புக்கு

கார் சாவிக்கு நகல் எடுப்பது நெடுங்காலம் அரம் பிடித்த கையின் வேலையாகவே இருந்தது. மூலச் சாவியின் வெட்டுகளை வெற்றுச் சாவியில் அப்படியே இறக்கினால் வண்டி கிளம்பிவிடும். திருடனுக்கும் அதே வசதி. 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவியில் சிறு மின்தடை வில்லையைப் பதித்தது. அதற்கு 15 மதிப்புகளே உண்டு என்பதால் பொறுமைசாலித் திருடனை அது தடுத்திருக்காது.

1990களில் ஐரோப்பியக் கார்களின் சாவிக்குள் சிப் புகுந்தது. அதற்குப் பேட்டரி வேண்டாம். பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் தரும் ஆற்றலிலேயே அது தன் குறியீட்டைச் சொல்லும். வெட்டு பொருந்தி, குறியீடு பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இந்த ஏற்பாடு கட்டாயமானது. அதன்பின் நகல் சாவி செய்பவருக்கு, அரத்தோடு காரின் கணினியில் புதுச் சாவியைப் பதியும் கருவியும் தேவைப்பட்டது.