இந்தியாவில் துடுப்புப் படகுப் போட்டி

ரோயிங் எனப்படும் துடுப்புப் படகுப் போட்டி ஆங்கிலேயர் வழியாக இந்தியாவுக்கு வந்த விளையாட்டு. கேரளத்து வள்ளம்களி வேறு, இது வேறு. வள்ளத்தில் இருப்பவர்கள் போகும் திசையைப் பார்த்து அமர்ந்து, கையில் பிடித்த துடுப்பால் நீரைத் தள்ளுவார்கள். ரோயிங்கில் படகுக்கு வெளியே நீண்டிருக்கும் தாங்கியில் துடுப்பு பூட்டப்பட்டிருக்கும்; வீரர் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டியபடியே போவார். அவரது இருக்கை சிறு சக்கரங்களில் முன்னும் பின்னும் நகரும். மடங்கிய கால்கள் நிமிரும் விசைதான் படகைச் செலுத்துகிறது. கைக்கு வேலை கடைசியில்தான். ஒலிம்பிக்கில் வழக்கமான தூரம் 2,000 மீட்டர்.

கல்கத்தா ரோயிங் கிளப் 1858இலும், அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இலும் தோன்றின. சென்னை, கொழும்பு கிளப்புகளுக்கு இடையிலான பந்தயம் 1898இல் தொடங்கியது. சுதந்திரத்துக்கு முன்பு இவை பெரும்பாலும் ஐரோப்பியர் கூடும் இடங்கள். இந்திய ரோயிங் கூட்டமைப்பு 1976இல்தான் உருவானது. 1982 ஆசிய விளையாட்டில் ரோயிங் முதன்முறையாகச் சேர்ந்தபோது, போட்டி ஜெய்ப்பூர் அருகே ராம்கர் ஏரியில் நடந்தது. அந்த ஏரியே பிற்பாடு வற்றிப்போனது.

கிளப்புகளின் பொழுதுபோக்கைப் பதக்க விளையாட்டாக்கியது ராணுவம். உயரமும் மூச்சுப்பிடிப்பும் உள்ள சிப்பாய்களைப் பொறுக்கியெடுத்து, புனேயில் உள்ள பயிற்சி மையத்தில் துடுப்பைக் கையில் கொடுத்தார்கள். அதனால்தான் ஆற்றங்கரை ஊர்களைவிட வறண்ட மாவட்டங்களிலிருந்தே பெரிய பெயர்கள் வந்தன. 2010இல் குவாங்சோவில் ரோயிங்கில் நாட்டுக்கு முதல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். நாசிக் மாவட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம் மிகுந்த கிராமத்தில் பிறந்து, கிணறு வெட்டும் வேலை பார்த்த தத்து போகனல், 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகே இந்த விளையாட்டுக்கு வந்தார். நான்கே ஆண்டுகளில் ரியோ ஒலிம்பிக்கின் தனிநபர் பிரிவில் 13ஆம் இடம் பிடித்தார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் அணியோடு தங்கமும் வென்றார்.

ஒலிம்பிக்கில் இந்தியப் படகு முதலில் இறங்கியது 2000இல், சிட்னியில். காசம் கானும் இந்தர்பால் சிங்கும் இருவர் பிரிவில் போட்டியிட்டனர். பதக்கம் இன்னும் கிட்டவில்லை. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இணை 11ஆம் இடம் பெற்றதே சிறந்த முடிவு. அது எடைக் கட்டுப்பாடுள்ள இலகு எடைப் பிரிவு. ஆசிய உடல்வாகுக்கு ஓரளவு ஒத்துவந்த அந்தப் பிரிவு, பாரிஸ் 2024உடன் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.