அணு ராக்கெட்டும் கடைசி பெஞ்சுக் கேள்வியும்



2008 அக்டோபர் 22. சந்திரயான்-1 விண்ணில் ஏறிய நாள். வகுப்பில் அன்று பாடம் நடக்கவில்லை, எல்லாம் நிலாப் பேச்சுதான். "நம்ம ஊர் பெருமாள் மூணடியில உலகத்தை அளந்தாரு, இவங்க ராக்கெட்ல அளக்கப் போறாங்க" என்று ஒருவன் சொல்ல, திருக்கோவிலூர்க்காரர்களுக்கே உரிய பெருமையோடு கை தட்டினோம். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நண்பன் எழுந்தான். "சார், ராக்கெட்டுக்குள்ள அணு உலையை வெச்சா என்ன?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. அதன் பிறகு அவன் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கேள்விக்கு அப்போதே வயது ஐம்பதுக்கு மேல் என்று. 1955-இல் அமெரிக்கா 'ரோவர்' என்ற பெயரில் அதே முயற்சியைத் தொடங்கியிருக்கிறது. தத்துவம் எளியது. இதில் எதையும் எரிப்பதில்லை. திரவ ஹைட்ரஜனை அணு உலை வழியாகச் செலுத்தினால், அது கடுஞ்சூடேறி விரிந்து பின்பக்கம் சீறும். சாதாரண எஞ்சினில் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு எரிந்து நீராவியாக வெளியேறும். இங்கே வருவதோ வெறும் ஹைட்ரஜன். எடை குறைவு, அதனால் வேகம் அதிகம். ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் உந்துதல் ஏறக்குறைய இரு மடங்கு.

1968-இல் நெவாடா பாலைவனத்தில் 'ஃபீபஸ்-2ஏ' உலை 4,000 மெகாவாட்டைத் தாண்டியது. 1969-இல் 'எக்ஸ்.இ.' எஞ்சினை 28 முறை இயக்கிப் பார்த்தார்கள். ஆனால் 1973-இல் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சின் தோற்கவில்லை, செவ்வாய்ப் பயணத்துக்குப் பணம் ஒதுக்க ஆளில்லை, அவ்வளவுதான். 2023-இல் 'டிராகோ' என்று மறுபடி அறிவித்தார்கள். அதுவும் 2025-இல் நின்றது. இத்தகைய எஞ்சின் ஒன்றுகூட இதுவரை விண்ணில் பறந்ததில்லை.

நம் பக்கம் என்ன இருக்கிறது? கல்பாக்கத்தில் 1985 முதல் கார்பைடு எரிபொருளில் இயங்கும் சோதனை வேக ஈனுலை இருக்கிறது. மகேந்திரகிரியில் மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனைக் கையாளப் பழகிய கைகள் இருக்கின்றன. 2023-இல் சந்திரயான்-3-இன் உந்து கலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த தலா 1 வாட் கதிரியக்க வெப்பமூட்டிகள் இரண்டு சென்றன. அவை கலத்தைத் தள்ளுவதற்கல்ல, குளிரிலிருந்து கருவிகளைக் காப்பதற்கு. சிறிய அடிதான், ஆனாலும் முதல் அடி. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர். அங்கேயே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர்.

ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய செய்தி வந்ததும் அந்த நண்பனுக்குப் போன் செய்தேன். இப்போது கரும்பு போடுகிறான். "மாப்ள, அன்னைக்கு நீ கேட்டது சரியான கேள்விடா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றான்.

இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறான். தம்பி, தங்கைகளே, உங்கள் வகுப்பில் யாராவது எழுந்து இப்படிக் கேட்டால், சிரிக்கும் முன் நூலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.