காகிதத்தில் பிறந்த அநாதைகள்

1966-ல் தென்கொரியாவின் குன்சான் நகரத்து அநாதை இல்லத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள். கையிலிருந்த ஆவணங்களில் அவள் பெயர் சா ஜங் ஹீ. தாய் தகப்பன் இல்லாதவள் என்று கோப்பு சொன்னது. கலிபோர்னியாவில் ஒரு வெள்ளையினக் குடும்பம் அவளுக்காகக் காத்திருந்தது. சா ஜங் ஹீக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, கடிதம் எழுதி, கடைசியில் தத்தெடுத்துக்கொள்ளவே முடிவு செய்த குடும்பம் அது.

வந்து இறங்கியவள் சா ஜங் ஹீ அல்ல. அந்தப் பெயருக்குரிய பிள்ளையை அவளுடைய அப்பாவே வந்து வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டிருந்தார். தத்து வேலைகள் முடியும் தறுவாயில் இருந்ததால், இல்லத்தார் அதே பெயரில் இன்னொரு சிறுமியை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இவள் பெயர் காங் ஓக் ஜின். அம்மா உயிரோடு இருந்தார், உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள், வறுமையும் இருந்தது. நீ யார் என்பதை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டதும் அவள் புது அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அந்த அம்மா நல்லவர்தான். ஆனால் தத்துத் தாள்களில் வேறு மாதிரி எழுதியிருந்ததே! அதெல்லாம் நீ கண்ட கனவு என்று சமாதானம் சொன்னார். நாளடைவில் அவளும் அதை நம்பினாள். கொரிய மொழி போயிற்று, பிறகு அம்மாவின் முகமும் போயிற்று.

வளர்ந்த பிறகு ஒருநாள் தன் தத்துக் கோப்பைப் புரட்டியபோது, ஒரே பெயருக்கு இரண்டு வெவ்வேறு சிறுமிகளின் படங்கள் இருப்பதைப் பார்த்தார். கனவல்ல என்று அப்போது தெரிந்தது. அவர்தான் ஆவணப்பட இயக்குநர் டியான் போர்ஷே லீம். இந்தக் கதையை 2000-லும் 2010-லும் இரண்டு படங்களாக அவரே எடுத்திருக்கிறார். கிடைத்தால் தேடிப் பாருங்கள்.

சமூகவியல் முதுகலையில் நான் படித்தபோது, இனம் கடந்து தத்தெடுக்கப்பட்ட ஆசியப் பிள்ளைகளின் 'அடையாளச் சிக்கல்' என்பது மனநலப் பாடம்போலத்தான் வந்துபோனது. பிள்ளைக்குப் போதுமான அன்பு கிடைத்ததா, பள்ளியில் ஒட்டிக்கொண்டதா என்பதோடு கேள்வி முடிந்துவிடும். அந்தச் சிக்கலைச் செய்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. பதில் வரலாற்றில், அதுவும் பெரும்பாலும் அரசாங்கக் காகிதங்களில் இருக்கிறது.

கொரியப் போர் 1953-ல் ஓய்ந்தது. அப்போது அமலில் இருந்த 1952-ம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கொரியாவுக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு வெறும் 100. ஆசியர்கள் வந்து குடியேறுவதை அமெரிக்கா விரும்பவில்லை. ஆனால் 1953-ல் வந்த அகதிகள் நிவாரணச் சட்டம் அநாதைக் குழந்தைகளுக்கு மட்டும் 4,000 விசாக்களை ஒதுக்கியது. பெரியவர்களுக்கு மூடிய கதவு, பெற்றோர் இல்லாத பிள்ளைக்குத் திறந்தது. ஆகவே பெற்றோர் இல்லாமல் இருப்பதே நுழைவுச் சீட்டானது. 1955-ல் ஒரிகன் மாநில விவசாயி ஹாரி ஹோல்ட்டும் மனைவி பெர்த்தாவும் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் தொடங்கிய தத்து நிறுவனம் மிகப் பெரியதாக வளர்ந்தது. வெள்ளையரும் ஆசியரும் திருமணம் செய்துகொள்வதைப் பல அமெரிக்க மாநிலங்கள் சட்டப்படி தடைசெய்திருந்த காலம் அது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஆசியர் குழந்தையாக வரலாம், மாப்பிள்ளையாக வரக் கூடாது!

கொரியாவின் பக்கம் என்ன நடந்தது? இது நமக்குப் பழகிய கதைதான். முதலில் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பங்கு, அமெரிக்கப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். 'ஒரே ரத்தம், ஒரே இனம்' என்று பேசிய தேசத்தில் அவர்களுக்கு இடமில்லை. குடும்பப் பதிவேடு தகப்பன் வழியாகவே ஓடியது. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைக்கு அந்தச் சமூகத்தில் நிற்க இடமில்லை. ரத்தத் தூய்மையும் தந்தைவழிப் பெருமையும் சேரும் இடத்தில் யார் வெளியே தள்ளப்படுவார்கள் என்பதைச் சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

போர்ப் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிறகும் விமானங்கள் நிற்கவில்லை. அடுத்து ஏழைகளின் பிள்ளைகள், பிறகு மணமாகாத தாய்மார்களின் பிள்ளைகள். உச்சம் 1985. போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகி, நாடு தொழில்வளத்தில் முன்னேறியிருந்த அந்த ஒரே ஆண்டில் 8,800-க்கும் அதிகமான குழந்தைகள் வெளிநாடு போனார்கள். மொத்தத்தில் சுமார் 2 லட்சம் பேர், பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு. சமூகநலச் செலவு அரசுக்கு மிச்சம், கட்டணம் தத்து நிறுவனங்களுக்கு வரவு.

இத்தனை அநாதைகள் எங்கிருந்து கிடைத்தார்கள்? தயாரித்தார்கள். பெற்றோர் இருக்கும் பிள்ளைக்கும் தனியாக ஒரு 'அநாதைப் பதிவேடு' திறந்தார்கள். அதில் அந்தக் கைக்குழந்தைதான் குடும்பத் தலைவர், அதுவே ஒரே உறுப்பினர். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த ஒரு தாளில் தாய், தகப்பன், பாட்டன், பிறந்த ஊர் எல்லாம் அழிந்தன. (நம் சென்னையிலும் ஏழைகளின் குழந்தைகள் கடத்தப்பட்டுப் போலித் தாள்களோடு வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

அமெரிக்காவில் அந்தப் பிள்ளைகள் மின்னசோட்டா போன்ற, வெள்ளையர்கள் நிறைந்த மாநிலங்களில் சிதறி வளர்ந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் வீட்டில் வளர்ப்பதை 1972-லேயே கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு 1978-ல் தனிப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. கொரியப் பிள்ளைகளுக்காகப் பேச அப்படியொரு அமைப்பு அப்போது இல்லை. வீட்டில் 'நிறமே எங்கள் கண்ணுக்குத் தெரியாது' என்றார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளையினப் பெயர், ஆசிய முகம். கொரியக் குடியேறிகளிடம் போனால், மொழி தெரியாத இது யார் பிள்ளை என்ற பார்வை. அன்பான வீட்டில் வளர்ந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். தத்தெடுத்த பெற்றோரை வில்லன்களாக்கி இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது.

தாள் இன்னொரு முறையும் வேலையைக் காட்டியது. தத்தெடுத்தவர்கள் தனியாக விண்ணப்பித்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. பலர் விண்ணப்பிக்கவில்லை. 2000-ல் வந்த சட்டம் தானாகவே குடியுரிமை கொடுத்தது. ஆனால் 2001 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தபோது 18 வயது ஆகியிருந்தவர்களை விட்டுவிட்டது. மூன்று வயதில் அமெரிக்கா வந்த ஆடம் கிராப்சர், தத்து வீடுகளில் கொடுமைகளை அனுபவித்து வளர்ந்தவர். பழைய குற்ற வழக்குகளைக் காரணம் காட்டி, 2016-ல் மனைவி பிள்ளைகளிடமிருந்து பிரித்து அவரைக் கொரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த ஊர் மொழி அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் மாற்றத் தொடங்கியது எந்த அரசின் மனசாட்சியும் அல்ல. 1999-ல் வாஷிங்டனில், முதன்முறையாக, சுமார் 400 தத்துப் பிள்ளைகள், அப்போது நடுவயதை எட்டியவர்கள் உட்பட, ஒன்றாகக் கூடினார்கள். தன்னைப்போல இன்னொரு முகத்தை அதுவரை பார்க்காதவர்கள் 'நாங்கள்' என்று சொல்லத் தொடங்கினார்கள். மின்னசோட்டாவில் வளர்ந்த எழுத்தாளர் ஜேன் ஜியோங் ட்ரெங்கா போன்றவர்கள் கொரியாவுக்கே திரும்பிப் போய், மணமாகாத தாய்மார்களின் அமைப்புகளோடு சேர்ந்து போராடினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிரிக்கப்பட்ட பிள்ளையும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் ஒரே மேடையில் நின்றார்கள். 2011-ல் தத்துச் சட்டம் திருத்தப்பட்டது. பிறப்புப் பதிவும் நீதிமன்ற அனுமதியும் கட்டாயமாயின.

2022-ல் அமெரிக்கா, டென்மார்க் உள்ளிட்ட 11 நாடுகளிலிருந்து 367 பேர் கொரிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் மனுக் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் ஆணையம், பொய்யான அநாதைப் பதிவுகளையும் ஆள்மாறாட்டத்தையும் உறுதிசெய்து, அரசே மனித உரிமைகளை மீறியது என்று அறிவித்தது. அன்று பாதிக்கப்பட்டவர்களாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் 56 பேர். வேறு பலருடைய மனுக்கள் நிறுத்திவைக்கப்பட்டன. சொல்லப்பட்ட காரணம், ஆவணங்கள் போதவில்லை என்பது.