கருவிழிப் பூஞ்சைப் புண்: புரத ஆராய்ச்சியும் நோயறிதலும்

கருவிழிப் படலத்தில் ஏற்படும் சிறு கீறல் வழியே பூஞ்சை புகுந்து வளர்ந்து, தக்க சமயத்தில் சிகிச்சை கிடைக்காவிடில் பார்வையையே பறித்துவிடும் ரோகம் கருவிழிப் பூஞ்சைப் புண். வானூர், மரக்காணம் போன்ற உஷ்ணமும் ஈரமும் மிகுந்த கடலோர வட்டாரங்களில், கதிர் அறுக்கையில் நெல் தாளோ, விறகு கட்டுகையில் சவுக்கு மிலாறோ கண்ணைக் கீறிவிடுவது சாதாரண சம்பவமாகையால், அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. புண் ஆறிய தழும்பு வெண்மையாய்த் தெரிந்த பிறகே, 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்கிறார்கள்.

1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரைப் பரிசோதித்ததில், கிருமி வளர்ந்த 297 பேருள் 140 பேருக்குப் பாக்டீரியாவும் 139 பேருக்குப் பூஞ்சையும் மட்டுமே காரணமெனத் தெரிந்தது. இவ்விரு வகைப் புண்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றுவதே சங்கடம். பூஞ்சைப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை இட்டால், புண் தீருவதற்குப் பதில் தீவிரமடையும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புண்ணின் சுரண்டலை வைத்து நுண்ணோக்கியில் நோக்கினால் பூஞ்சை இழைகள் சில நிமிஷங்களில் புலப்படுமாயினும், எந்த இனம் என்பதை வளர்ப்பூடகமே சில நாட்கள் கழித்துச் சொல்லுகிறது. இனத்தை அறிவது வீண் பாண்டித்தியமன்று: 2010–2011இல் மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நிகழ்ந்த சோதனையில், வோரிகோனசோல் மருந்தைவிட நாட்டாமைசின் சிறந்ததென நிரூபணமாயிற்று, அவ்வனுகூலமும் முக்கியமாக ஃபுசேரியம் இனத்தால் வந்த புண்களிலேயே காணப்பட்டது.

புரத ஆராய்ச்சி இவ்விடத்தில்தான் பிரவேசிக்கிறது. வானூர்ப் பக்கத்து மணிலாக்கொட்டையில் வளர்ந்து அஃப்லாடாக்சின் எனும் விஷத்தைச் சுரக்கவல்ல ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையே கண்ணையும் தாக்குவதால், மக்கிய பொருளில் வாழும் அப்பூஞ்சைக்கும் கருவிழியிலிருந்து எடுத்ததற்கும் என்ன பேதம் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. பேராசிரியர் குப்பமுத்து தர்மலிங்கமும் அவருடைய சகாக்களும் மதுரையில் அவையிரண்டும் வெளியே சுரக்கும் புரதங்களைப் பிரித்து ஒப்புநோக்கி, கருவிழியிலிருந்து எடுத்த பூஞ்சை காரத்தன்மையுள்ள ஒரு புரதச் சிதைப்பு நொதியை மிகுதியாகச் சுரப்பதை 2015இல் வெளியிட்டனர். புரத இழைகளாலான கருவிழியைத் துளைக்கப் பூஞ்சைக்கு வேண்டிய ஆயுதம் அத்தகைய நொதியேயன்றோ! அதற்கு முன்பே, 2013இல், ஃபுசேரியம் நோயாளிகளின் கண்ணீரில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின், லாக்டோஃபெரின் முதலிய மனிதப் புரதங்களின் அளவு நோயின் ஆரம்பம், நடு, முதிர்வு ஆகிய கட்டங்களுக்கேற்ப மாறுபடுவதையும் அவர்கள் கண்டிருந்தனர். இவற்றுள் முன்னது புரதச் சிதைப்பு நொதிகளைத் தடுக்கும் தன்மையுடையது என்பது கவனிக்கத்தக்கது.

எனினும், ஒவ்வொரு கட்டத்திலும் பலரின் கண்ணீரை ஒன்றாகக் கலந்து கண்ட முடிவைக்கொண்டு தனியொரு நோயாளிக்குத் தீர்ப்பளிப்பது அவசரமாகும். ஆய்வகங்களில் நடைமுறைக்கு வந்துவிட்ட புரதமுறை வேறொன்று: வளர்ந்த பூஞ்சையின் புரதங்களை லேசர் கதிரால் கிளப்பி, அவற்றின் நிறைகளை அளந்து இனத்தைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவி. மருந்துகள் பலவற்றுக்கு மசியாத கேண்டிடா ஆரிஸ் எனும் பூஞ்சையை அடையாளங்காண இது பேருதவி புரிகிறது. ஆனால் பூஞ்சை முதலில் வளர வேண்டுமாதலால், கருவிழிப் புண்ணில் இழந்த நாட்களை இதுவும் மீட்டுத் தருவதில்லை.